தெப்பத்தில் உட்கார்ந்து தூண்டில் போடலாமா?

காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஓர் ஏரியில், உருளை மிதவைகளின் மேல் தளம் போட்ட பான்டூன் படகில் நாள் முழுவதும் மீன்பிடித்தாராம். நாற்காலி போட்டு உட்கார்ந்தும், எழுந்து நடந்தும், கூடத்தில் இருப்பதுபோல இருந்த அந்த நாள் அவரை விடவில்லை. அவருடைய அப்பாவுக்கு 74 வயது. ஐம்பது ஆண்டுக் காலம் வீராணம் ஏரியில் தூண்டில் போட்டவர். இப்போது முழங்கால் மடங்காததால் பரிசலில் குந்தி உட்கார முடியவில்லை, கரையோடு நின்றுவிட்டார். "அப்படி ஒரு படகை இங்கேயே செய்து வீராணத்தில் விடலாமா? கவிழாதா? என்ன மோட்டார் பூட்டலாம்?" இதுதான் கேள்வி.

விடலாம். ஆனால் அதைப் படகு என்று நினைத்துக்கொண்டு விடாதீர்கள். மீன் வளர்ப்புக் குளங்களுக்கு மிதவை கட்டிக் கொடுப்பது என் தொழில். தண்ணீரில் நான் பார்த்த தொல்லைகளில் பாதி, மிதவையைப் படகுபோல ஓட்டப் பார்த்ததால் வந்தவை. பான்டூன் என்பது மிதக்கும் திண்ணை. அது நிற்பதற்குப் பிறந்தது, ஓடுவதற்கு அல்ல. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், எப்படிக் கட்டுவது, எங்கே நிறுத்துவது, எந்த நேரத்தில் போவது என்ற எல்லாவற்றுக்கும் விடை தானாக வந்துவிடும்.

நான் திருவாரூர்க்காரன். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்பார்களே, அந்தக் கமலாலயத்தின் கரையில் வளர்ந்தவன். தெப்பத் திருவிழாவுக்குத் தெப்பம் கட்டுவதைச் சிறுவயதில் நாள்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். காலிப் பீப்பாய்களை வரிசை வரிசையாக அடுக்கி, மேலே மரச்சட்டம் போட்டு, பலகை பரப்பி, அதற்கு மேல் மண்டபம் எழுப்புவார்கள். சுவாமியோடு நாதஸ்வரக்காரர்களும் அர்ச்சகர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஏறி உட்கார்ந்து, நடுக்குளத்தில் கச்சேரியே நடக்கும். வைத்த செம்புத் தண்ணீர் தளும்பாது. அமெரிக்காவில் பான்டூன் பிறந்த கதையும் இதே பீப்பாயில்தான் தொடங்குகிறது. மின்னசோட்டாவின் ரிச்மண்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் வீரஸ் என்பவர், 1950களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களை நுனிக்கு நுனி பற்றவைத்து இரண்டு நீளமான உருளைகளாக்கி, அவற்றின் மேல் மரத்தளம் போட்டு ஏரியில் விட்டார். பீப்பாய்க்குப் பதில் அலுமினியக் குழாய் வந்தது பிறகுதான். உங்கள் அண்ணன் ஊரில் நீங்கள் ஏறியது அந்த வழியில் வந்த ஒன்று. அதனால் இங்கே நீங்கள் செய்யப்போவதை வெளிநாட்டுச் சரக்காக நினைக்க வேண்டாம். நம் ஊர் ஆசாரிக்கும் பற்றவைப்பவருக்கும் ஒரு தெப்பம் வேண்டும் என்று சொன்னாலே போதும், கை தானாக வேலை செய்யும்.

கவிழாதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒடுக்கமான வள்ளத்தில் ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்தாலே அது அவரோடு சாய்கிறது. தாங்கும் உடல் ஒன்றே, அதுவும் நடுவில்தான் இருக்கிறது. பான்டூனில் தாங்கும் உருளைகள் இரண்டு, இரண்டும் ஓரத்தில். இடப்பக்கம் ஆள் போனால் இடது உருளை இன்னும் கொஞ்சம் முங்கி, முங்கிய அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். எட்டு அடி அகலம் இருந்தால், அந்தத் தள்ளல் நல்ல நீளமான நெம்புகோலின் நுனியில் நின்று தள்ளுவதுபோல வேலை செய்கிறது. அதனால்தான் உங்கள் அப்பாவைப்போல முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், குழந்தைகளுக்கும், நின்றுகொண்டே வீச வேண்டியவர்களுக்கும் இதைவிட நல்ல மேடை ஏரியில் கிடையாது.

ஆனால் எல்லாரும் ஒரே ஓரத்துக்கு ஓடினால் எந்தக் கலத்துக்கும் ஆபத்துதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரு பக்கமாகச் சேர்ந்ததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெரிய மீன் சிக்கினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். "ஏய், கட்லா!" என்று ஒருவர் கத்த, மற்ற மூவரும் அந்த ஓரத்துக்குப் பாய்வார்கள். என் மிதவையில் ஏறுகிறவர்களுக்கு முதலில் சொல்வதே இதுதான்: மீன் மாட்டியவர் மட்டும் ஓரத்தில் நிற்கலாம், கைவலை பிடிக்க ஒருவர் போகலாம், மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முன்பக்கமும் அப்படித்தான். எல்லாரும் முன்னால் கூடினால் மூக்கு முங்கும். போய்க்கொண்டிருக்கும்போது மூக்கு முங்கினால் தண்ணீர் தளத்தின் மேலேயே ஏறிவிடும்.

இப்போது கட்டுமானம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உயிர் இதில்தான் இருக்கிறது.

நம்மிடம் எளிதில் கிடைப்பது 200 லிட்டர் பிளாஸ்டிக் பேரல். ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரம், 58 சென்டிமீட்டர் விட்டம், ஒன்பது கிலோ போல எடை. படுக்க வைத்து முழுக்க முக்கினால் 200 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் அந்தக் கணக்கை நம்பிக் கட்டக் கூடாது, பாதிக் கணக்கில்தான் கட்ட வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. படுத்திருக்கும் உருளை சரிபாதி முங்கியிருக்கும்போதுதான் நீர்மட்டத்தில் அதன் அகலம் மிக அதிகம். அப்போது ஓர் ஆள் ஏறினால் சில விரல் அளவே இறங்கும். பாதியைத் தாண்டிவிட்டால் நீர்மட்ட அகலம் சுருங்கிக்கொண்டே போகும். அதே ஆள் ஏறினால் முன்பைவிட அதிகம் இறங்கும், அடுத்தவர் ஏறினால் இன்னும் அதிகம். பாதிக்கு மேல் முங்கிய மிதவை எச்சரிக்கை கொடுக்காமல் கைவிடுகிறது. பேரலின் நடுவில் சுற்றிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஆள் ஏறிய பிறகு அந்தக் கோடு தண்ணீருக்கு மேலேயோ, தண்ணீரைத் தொட்டபடியோ இருக்க வேண்டும். கோடு மறைந்தால் ஒருவர் இறங்க வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கூடாது.

பக்கத்துக்கு நான்காக எட்டுப் பேரல் என்று வைப்போம். பாதிக் கணக்கில் ஒன்றுக்கு 100 கிலோ, மொத்தம் 800 கிலோ. பேரல்களின் எடை 72. சட்டம் 160 கிலோ, தளம் 80, மோட்டாரும் பேட்டரியும் 70. இவை போக 418 கிலோ மிஞ்சும். ஆளுக்கு 75 கிலோ என்று நான்கு பேர் 300. மீதி 118 கிலோவில் ஐஸ் பெட்டி, குடிதண்ணீர், நங்கூரம், கயிறு, பிடித்த மீன். ஆக, நான்கு பேருக்கான மிதவை இது, ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. நீளம் 13 அடி, அகலம் 8 அடி வரும்.

சிலர் பேரலுக்குப் பதில் பெரிய பி.வி.சி. குழாயின் இரண்டு முனையையும் மூடிப் பயன்படுத்துகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நன்றாகவும் போகும். 250 மில்லிமீட்டர் குழாய் ஒரு மீட்டருக்கு 49 லிட்டர் கொள்ளும், 6 மீட்டர் குழாய் ஏறத்தாழ 295 லிட்டர். ஆனால் ஒரு குழாய் முழுவதும் ஒரே அறை. நான் முதன்முதலில் கட்டிய மிதவை அப்படிப்பட்டதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஏரியில் விட்டோம். ஏரிக்குள் முன்பு வெட்டிய கருவேல மரத்தின் அடிக்கட்டை ஒன்று தண்ணீருக்கு அரை அடி கீழே நின்றது. அதில் உரசியதில் இடப்பக்கக் குழாய் விரிசல் விட்டுவிட்டது. உடனே தெரியவில்லை. அரை மணி நேரத்தில் மிதவை இடப்பக்கம் சாயத் தொடங்கி, உள்ளே புகுந்த தண்ணீர் சாய்ந்த முனைக்கே ஓடிச் சேர்ந்து, சாய்வை இன்னும் கூட்டியது. கரை நூறு அடியில் இருந்ததால் நீந்தி வந்தோம். அன்றிலிருந்து தனித்தனிப் பேரல் தவிர வேறு எதிலும் நான் ஆளேற்றும் மிதவை கட்டுவதில்லை. எட்டில் ஒன்று ஓட்டையானாலும் மற்ற ஏழும் கரை சேர்க்கும். தொழிற்சாலையில் செய்யும் அலுமினியக் குழாய்களுக்குள்ளும் இடையிடையே தடுப்பு வைத்துத் தனி அறைகளாகப் பிரிப்பது இதற்காகத்தான்.

பேரல் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்த பேரலை ஏரியில் இறக்கவே கூடாது. வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது என்பதை மறக்க வேண்டாம். எண்ணெய், சர்க்கரைப்பாகு, பழச்சாறு போன்றவை வந்த பேரல் நல்லது. மூடியில் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரியும், இரவில் சுருங்கும். மூடி தளர்வாக இருந்தால், சுருங்கும்போது ஒவ்வோர் இரவும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒரு மாதத்தில் மிதவை காரணம் தெரியாமல் கனத்துப் போயிருக்கும். மூடியை மேல்பக்கமாக வைத்துக் கட்டுவது நல்லது, மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவும் வசதி.

சட்டத்துக்கு ஜி.ஐ. குழாய் வலுவானது. ஆனால் நம் பக்கத்துச் சவுக்குக் கழியே போதும் என்பது என் எண்ணம். கடலோரத்தில் விளைகிற நல்ல முற்றிய சவுக்கு, தோலுரித்து எண்ணெய் பூசினால் சில பருவம் தாங்கும். தளத்துக்கு மூங்கில் பிளாச்சு போடுங்கள், இடையில் விரல் நுழையாத சந்து விட்டு. மழைநீர் தேங்காது, ஓரத்தில் அலை ஏறினாலும் வடிந்துவிடும். பேரல்களைச் சட்டத்தோடு கட்ட அகலமான நைலான் பட்டை வேண்டும். மெல்லிய கயிறு வெயிலில் நைந்து, அலையில் உரசி, ஒரு நாள் அறுந்துவிடும். முழு மிதவையையும் நிரந்தரமாகப் பற்றவைத்துவிடாமல், நான்கு துண்டாகக் கழற்றிப் பூட்டும்படி செய்யுங்கள். ஏரிக்கரையின் உட்புறச் சரிவில் கல் பதித்திருப்பார்கள், அதில் எட்டடி அகலத்தை உருட்டி இறக்க முடியாது. துண்டு துண்டாக ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், மாடு இறங்கும் சரிவாகப் பார்த்துத் தண்ணீரோரம் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் இதில் இருக்கிறது. காலிப் பேரலின் மேல் பலகை என்றால் அது தவில்தான். நீங்கள் செருப்போடு நடந்தால் ஒவ்வோர் அடியும் தண்ணீருக்குள் மேளம்போல இறங்கும். தளம் முழுவதும் தென்னைநார் மிதியடி விரித்துவிடுங்கள். பேரலுக்கும் சட்டத்துக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வையுங்கள். விரால் கரைமேல் நடக்கும் காலடிக்கே விலகும் மீன், இந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்காது.

காற்றுதான் பான்டூனின் உண்மையான பகை, ஆழம் அல்ல. தண்ணீருக்குக் கீழே ஓர் அடி, தண்ணீருக்கு மேலே மேடை, ஆள், நாற்காலி, நிழல்பந்தல் என்று ஏழெட்டு அடி. அடியில் பிடிமானம் இல்லை, மேலே பாய்மரம்போல எல்லாம் நிற்கிறது. வீராணம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது, குறுக்கே சில கிலோமீட்டர். ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று அந்தக் குறுக்கு அகலம் முழுவதும் தடையில்லாமல் ஓடிவந்து கிழக்குக் கரையில் அலையாக மோதும். அந்த மாதங்களில் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கி, காற்று எழும் முன் ஒன்பது மணிக்குள் கரையேறிவிடுங்கள். காற்று எழுந்த பிறகு அதை எதிர்த்து மோட்டாரில் வர முயல்வது வீண். அருகில் இருக்கும் கரைக்குக் காற்றோடு போய் ஒதுங்கி, மாலையில் அடங்கியதும் திரும்புங்கள். அதனால் போகும்போதே காற்று வரும் திசைக்குப் போய்த் தொடங்குவது புத்திசாலித்தனம். திரும்பும் வழி காற்றோடு இருக்கும். நிழல்பந்தலை ஒரே இழுப்பில் மடக்கும்படி கட்டுங்கள், இரும்புத் தகடு போட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமழைக் காலம். வானம் கருத்தால் உடனே கரை. திறந்த ஏரியின் நடுவில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான்.

மோட்டாருக்கு என் பதில் மின் மோட்டார். பெட்ரோல் எஞ்சின் வேகம் தரும், ஆனால் இந்த மேடைக்கு வேகம் வேண்டாம். குடிநீர் ஏரியில் எண்ணெய்ப் படலம் விடவும் வேண்டாம். ஏறிய எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தள்ளுவிசை இருந்தால் அசையாத தண்ணீரில் போதும். நம் மிதவை ஆள்களோடு 800 கிலோ, ஆக 16 கிலோ. காற்றுக்காக இன்னும் கொஞ்சம் கூட்டி, கடையில் 55 பவுண்டு என்று விற்கும் 12 வோல்ட் மோட்டார் வாங்குங்கள், அது 25 கிலோ தள்ளும். முழு வேகத்தில் 50 ஆம்பியர் போல இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரியே இதற்குப் பொருந்தும், கார் பேட்டரி பொருந்தாது. கார் பேட்டரி ஒரு நொடி பலமாகக் கொடுக்கப் பிறந்தது, மெல்ல மெல்ல வற்றக் கொடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். எந்த ஈய பேட்டரியையும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால், முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பாதி வேகத்தில் அதைவிட நெடுநேரம் வரும். பேட்டரி ஐம்பது, அறுபது கிலோ இருக்கும். அதைப் பின்னால் மோட்டாரோடு சேர்த்து வைத்தால் பின்பக்கம் தணியும், நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் கம்பி இழுங்கள்.

மோட்டார் இருந்தாலும் இரண்டு நீண்ட மூங்கில் கழி இல்லாமல் கரையை விடாதீர்கள். வெங்காயத் தாமரை மோட்டாரின் இறக்கையில் சுற்றினால் அவ்வளவுதான், நின்றுவிடும். நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள் நுழைந்தாலும் அப்படியே. மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளி வெளியே வர வேண்டும். அந்தக் கழிகளே உங்கள் நங்கூரமும். வண்டல் படிந்து மேடிட்ட ஏரி இது. செய்தித்தாளில் வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி என்று வருவதைப் பார்த்து அவ்வளவு ஆழம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த அளவு, தண்ணீரின் ஆழம் அல்ல. ஐந்து, ஆறு அடித் தண்ணீரில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கழியைச் சேற்றில் ஊன்றிக் கட்டிவிட்டால் மேடை அசையாது, சத்தமும் இல்லை. ஒரே ஒரு நங்கூரம் போட்டால் அதைச் சுற்றி மிதவை ஊசலாடிக்கொண்டே இருக்கும், தூண்டில் நரம்புகள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். ஆழம் கூடிய இடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு போடுங்கள், கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது இருக்கட்டும்.

இனி மீன். இந்த மேடையின் பெரிய வசதி, மூன்று தூண்டிலை மூன்று ஆழத்தில் அசையாமல் நிறுத்த முடிவதுதான். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கிறது, அது மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்கால் அடிச்சேற்றைக் கிளறும். தவிடும் வறுத்த கடலைப் புண்ணாக்குப் பொடியும் சமமாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகச் செய்து, நிறுத்திய இடத்தில் கால் மணிக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருங்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு தண்ணீரில் சிறு சிறு குமிழி வரிசையாக எழும், மிர்கால் வந்துவிட்டது என்று அர்த்தம். வெயில் ஏறியதும் மேடையின் நிழலிலேயே குஞ்சு மீன்கள் ஒதுங்கும், அவற்றைத் தேடிப் பெரியவையும் வரும். வள்ளத்தில் இந்தப் பொறுமை கிடைக்காது, கால் மரத்துப் போய்விடும். பொழுது சாயும் நேரத்தில் வாளை மேலே வரும். வாய் நிறையப் பல், கொக்கிக்கு முன்னால் கம்பித் துண்டு இல்லாமல் அதற்குப் போடாதீர்கள்.

விராலுக்கு இந்த மிதவை ஒத்துவராது. அல்லி இலைக்கும் கோரைக்கும் இடையில் மூச்சுவாங்க மேலே வரும்போது அதைப் பார்த்து, அதன் முன்னால் தவளையைத் துள்ளவிட வேண்டும். அதற்கு ஓர் ஆள் மிதவையோ கரையோதான் சரி. கரையோரத்தில் செம்பழுப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோலத் தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் அன்றைக்கே மற்ற மீன்களின் வாய்க்குப் போய்விடும். அணைக்கரையிலிருந்து வடவாற்றில் புதுத்தண்ணீர் வரும் முதல் நாள்களும் அப்படித்தான். வயிறு நிறையச் சினையோடு எதிர்த்து ஏறும் கெண்டையை அந்த வாய்முகத்தில் நின்று பிடிப்பது சுலபம், அடுத்த ஆண்டு ஏரி காலி.

அனுமதி இல்லாமல் மிதவையை இறக்காதீர்கள். ஏரி நீர்வளத் துறையினுடையது, மீன்பாசி, அதாவது மீன்பிடிக்கும் உரிமை, குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரும் உள்ளூர் மீனவர்களும் அந்த மீனை நம்பிக் கடன் வாங்கியிருப்பார்கள். முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள், என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை தூண்டில், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மாலையில் கட்டிய செவுள் வலைகளின் தக்கை வரிசை எங்கே கிடக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், மோட்டார் இறக்கையில் ஒரு வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் வாரக் கூலி போயிற்று. மோட்டார் பூட்டும் மிதவைக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் இருக்கிறது. உங்கள் மிதவைக்குப் பதிவு வேண்டுமா என்பதை அந்தச் சட்டப்படி பதிவுசெய்யும் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டிப் பக்கத்தவர்களுக்கு ஒரு சொல்: அவை பறவைகள் சரணாலயங்கள், அங்கே இந்த யோசனையே வேண்டாம். வீராணத்திலும் கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் கூட்டமாக இறங்கியிருக்கும் பக்கம் மேடையைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். லால்பேட்டை, பூதங்குடி மதகுகளின் பக்கமும் போகக் கூடாது. மேலே தண்ணீர் தூங்குவதுபோலத் தெரியும், மதகு திறந்திருந்தால் அடியில் இழுவை இருக்கும். அகலமான மிதவை அதில் மாட்டினால் கழியால் மீட்க முடியாது.

உயிர்காப்பு உடுப்பு எல்லாருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும். ஏறும்போதே போட்டுக்கொள்ள வேண்டும், நாற்காலி முதுகில் தொங்கவிடுவதற்கு அல்ல. சேற்றில் விழுந்தால் நீச்சல்காரனுக்கும் கால் சிக்கும்.

மிதவை தயாரானதும் அப்பாவை முதல் நாளே அழைத்துப்போக வேண்டாம். மணல் மூட்டைகளை எடைபோட்டு, நான்கு ஆளுக்கு நான்காக, 75 கிலோ வீதம் ஏற்றி, ஒரு பகல், ஓர் இரவு இடுப்பளவுத் தண்ணீரில் கட்டி வையுங்கள். காலையில் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தால் பேரல் எதுவும் குடிக்கவில்லை. பிறகு நான்கு மூட்டையையும் ஒரே ஓரத்துக்கு நகர்த்துங்கள். அந்தப் பக்கத் தளம் தண்ணீரைத் தொடாமல் நின்றால் மேடை சரி.

அப்பாவின் நாற்காலி நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது லேசானது, எளிதில் நகர்ந்துவிடும். கைப்பிடி உள்ள மர நாற்காலியின் நான்கு காலையும் தளத்தோடு கட்டிவிடுங்கள். அதன் முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு குறுக்குக் கழி வையுங்கள், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள. கரையிலிருந்து ஏறுவதற்கு இரண்டடி அகலப் பலகை, அதன் மேல் கயிறு சுற்றி வைத்தால் ஈரக்கால் வழுக்காது. தூண்டிலை எங்கே போடுவது என்பதை ஐம்பது ஆண்டு போட்டவரிடமே கேட்டுவிடுங்கள், அவர் காட்டும் இடத்தில் கழியை ஊன்றுங்கள்.